ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே

சோதனைக்குழாய் முறையில் குழந்தைக்கு முயலும் ஒரு பெண், ஒரு சுற்றுச் சிகிச்சையில் மருத்துவரின் எதிரே உட்காரும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில மணி நேரம்தான் தேறும். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஒரு ஸ்கேன், ஊசி தொடங்கிய பிறகு சில ஸ்கேன்கள், கருமுட்டை எடுக்கும் நாள், கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாள், கடைசியில் ஓர் இரத்தப் பரிசோதனை. மீதியெல்லாம் வீட்டில் நடக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை தினமும் ஒரே நேரத்தில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை ஐஸ்பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியை இரவு பத்தரைக்கு என்று சொன்னால் பத்தரைக்கே போட வேண்டும். அந்த ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையில் 34 முதல் 36 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நேரம் குறைந்தால் முட்டை முதிர்ந்திருக்காது; கூடினால் முட்டை தானாக வெளியேறிவிடலாம். பல வாரத் தயாரிப்பும் பல ஆயிரம் ரிங்கிட்டும் அந்த ஒரு ராத்திரியை நம்பி நிற்கின்றன.

அந்த ராத்திரியில் ஊசிமருந்து பாதி சிந்திவிட்டால் யாரைக் கூப்பிடுவது? மருத்துவரின் கைத்தொலைபேசி எண் பெரும்பாலும் கையில் இருக்காது. மருத்துவமனையின் பொது எண்ணை எடுப்பவருக்கு இந்தச் சிகிச்சை பற்றி ஒன்றும் தெரியாது. நன்றாக நடக்கும் கிளினிக்குகளில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் என்று எழுதினாலும் எல்லாரும் கோஆர்டினேட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாள் குறித்துத் தருவதும் பில் எழுதுவதும்தான் அவர் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சில கிளினிக் நிர்வாகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. வீட்டில் நடக்கும் சிகிச்சையை நடத்துபவர் அவர்தான். ஆகவே அவரும் சிகிச்சைக் குழுவில் ஒருவர். அவருக்கு அதற்கேற்ற பயிற்சி வேண்டும், அதிகாரம் வேண்டும். மலேசியாவின் பேராக் போன்ற ஒரு மாநிலத்தில் தமிழில் பேசக்கூடியவராகவும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையே இதற்குச் சாட்சி. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், அறுவை மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகிய இருவரின் பெயரைத்தான் உலகம் அறியும். மூன்றாவதாக ஒருவர் இருந்தார்: ஜீன் பர்டி என்ற தாதி. 1968-இல் எட்வர்ட்ஸிடம் வேலைக்குச் சேர்ந்த அவர், ஆய்வுக்கூட வேலையையும் கற்றுக்கொண்டு, நோயாளிப் பெண்களையும் கவனித்து, பதிவேடுகளையும் பார்த்துக்கொண்டார். அவருடைய தாயார் நோயுற்று அவர் விடுப்பில் போனபோது வேலையே நின்றுபோனது. அந்தப் பத்தாண்டுகளில் ஓல்டமில் 282 பெண்கள் இந்தப் பரிசோதனை முயற்சிக்கு உடன்பட்டார்கள். பிறந்தது இரண்டே குழந்தைகள். வெற்றி கிட்டும் என்ற உறுதி துளியும் இல்லாத நிலையில் அத்தனை பெண்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றால், அதற்கு மருத்துவ நுட்பம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. பர்டி 1985-இல், 39 வயதில் இறந்தார். ஓல்டமில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயரும் வரவேண்டும் என்று எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும் அன்று யாரும் கேட்கவில்லை. 2015-இல் வைத்த புதிய பலகையில்தான் அவர் பெயர் ஏறியது. இடையில் கழிந்த முப்பது ஆண்டுகள் இந்த வேலைக்கு உலகம் தந்த மதிப்பைக் காட்டுகின்றன.

இனி பேராக்கைப் பார்ப்போம். மலாயாவின் ரப்பர் வரலாறு தொடங்கிய இடங்களில் ஒன்று கோலகங்சார். 1877-இல் ஆங்கிலேய நிர்வாகி ஹியூ லோ அங்கே ரப்பர்க் கன்றுகளை நட்டார். சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான், பாகான் செராய் என்று மாநிலம் முழுக்கப் பரவிய தோட்டங்களில் தமிழர் லயங்கள் எழுந்தன. பாட்டிமார் எட்டும் பத்தும் பெற்றார்கள். பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டு மனைகளாயின. அங்கிருந்து புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புந்தோங்கிலும் சிம்மோரிலும் தாமான் வீடுகளில் இருந்துகொண்டு தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். 2022-இல் மலேசியாவின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.6 குழந்தை; இந்தியப் பெண்களுக்கு 1.1 என்ற அளவில் இருந்தது. இந்த எண்ணைக் குழந்தைப்பேறின்மையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதமான திருமணமும், செலவும், ஒன்று போதும் என்ற முடிவும் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் எட்டுப் பெற்ற பாட்டி கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில், திருமணமாகி மூன்று வருடமாகியும் ஒன்றும் இல்லாத மருமகள் எப்படி வாழ்கிறாள் என்பதை இந்த எண்ணை வைத்து ஓரளவு புரிந்துகொள்ளலாம். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அவளைப் பார்த்து ஒரே கேள்விதான்: "ஏதும் விசேஷம் உண்டா?"

அவள் தனியாள் இல்லை. உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. நம் சமூகத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. நாட்டின் சராசரி 18.3. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும், பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றி மாதவிலக்கு தள்ளிப்போகும் நிலையும் ஒன்றோடொன்று பின்னியவை. நீரிழிவு ஆணின் விந்தணுவையும் விடுவதில்லை. அதனால் உணவு பற்றிய அறிவுரை இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. அந்த அறிவுரை மூன்று வேளைச் சோறும் தோசையும் தேத்தண்ணியும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்த வேண்டும். அச்சடித்த ஒரு தாளை நீட்டினால் அது பொருந்தாது. அந்த அடுப்படி எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பேசினால் பொருந்தும்.

தூரம் அடுத்த சிக்கல். அரசுத் தரப்பில் சோதனைக்குழாய் சிகிச்சை தரும் இடங்கள் நாட்டில் சிலவே: கோலாலம்பூரில் துங்கு அஸிஸா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், எல்.பி.பி.கே.என். என்று அழைக்கப்படும் தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக், வடக்கே அலோர் ஸ்டாரில் சுல்தானா பஹியா மருத்துவமனை என்று சொல்லிக்கொண்டு போனால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். தனியாரை நாடுவோரிலும் பாகான் செராய் பக்கத்தவர் பினாங்குக்கும் தாப்பா பக்கத்தவர் கோலாலம்பூருக்கும் போவது வழக்கம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் 200 கிலோமீட்டர், ஈ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம். தெலுக் இந்தானிலிருந்து புறப்படுபவருக்கு அந்த ரயிலும் ஊரில் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண், காலை ஒன்பது மணி ஸ்கேனுக்கு எத்தனை தரம் விடுப்பு எடுக்க முடியும்? எந்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்துகொள்ளலாம், எதற்குக் கட்டாயம் நேரில் வர வேண்டும், எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றில் காரணம் எப்படி எழுதினால் மேலாளர் வாய்வழியே விஷயம் வெளியே போகாது, மருந்தை எப்படிக் குளிர் குறையாமல் எடுத்துப் போவது என்பதையெல்லாம் ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்டுத் தந்தால் மூன்று பயணம் மிச்சமாகும். அந்த மூன்று பயணம் மிச்சமாகாததால் சிகிச்சையை விட்டவர்களும் இருப்பார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கிளினிக்கில் ஒரு சுற்று சுமார் 15,000 முதல் 25,000 ரிங்கிட் வரை ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு அது ஒன்பது முதல் பதினைந்து மாதச் சம்பளம். உதவிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. 2020 முதல் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து, அதாவது 2024 மே முதல் அக்கவுன் செஜாத்ரா என்று பெயர் மாறிய கணக்கிலிருந்து, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். வருமான வரியிலும் மருத்துவச் செலவுக் கழிவில் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தாள்கள் வேண்டும், அவற்றில் ஒன்று திருமணச் சான்றிதழ். இங்கேதான் பழைய தோட்டக் குடும்பங்களில் எதிர்பாராத ஒரு முடிச்சு விழுகிறது. கோவிலில் தாலி கட்டி ஊர் கூடி விருந்து வைத்த பிறகும் பதிவு செய்யாமலே விட்ட தம்பதிகள் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இங்கே சிகிச்சையும் தொடங்காது, சேமநிதியும் திறக்காது. இதை மருத்துவர் கேட்கப்போவதில்லை. முதல் நாளே கேட்டு, தேசியப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவைப்பவர் ஒருங்கிணைப்பாளர். கேட்கும் விதமும் முக்கியம். உங்கள் திருமணம் செல்லாது என்று குற்றம் சாட்டுவதுபோல் கேட்டால் அந்தத் தம்பதி திரும்பி வரமாட்டார்கள்.

இதெல்லாம் வசதிதானே, மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆய்வுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. தம்பதிகள் ஏன் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை, இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை, ஒன்றுதிரட்டி 2012-இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. உடலும் மனமும் படும் பாடு, தம்பதிக்குள் ஏற்படும் உரசல், சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, கிளினிக் நடந்துகொள்ளும் விதம் போன்றவை காரணங்களாக வந்தன. ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. அங்கே மூன்று சுற்றுக்கு நோயாளி பணம் தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் குழந்தை கிட்டாத பலர் மூன்றையும் முடிக்காமல் நின்றுவிட்டார்கள். காரணங்களில் முன்னால் நின்றது மனச்சுமை. பணம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்ற நம் கணிப்பு முழு உண்மையாகாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2015-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. மனநல நிபுணர்களுக்கு மட்டும் என்று அது எழுதப்படவில்லை. மருத்துவர், தாதி, ஆய்வுக்கூடத்தார், வரவேற்பில் இருப்பவர் என்று கிளினிக்கின் எல்லா ஊழியர்களுக்கும் எழுதப்பட்டது. நோயாளியோடு பேசும் ஒவ்வொரு வாயும் சிகிச்சையின் பகுதி என்பதே அதன் அடிப்படை.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பு வரும், அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். ஆறுதலாகப் பேசினால் கரு தங்கிவிடுமா? தங்காது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,583 பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் அதிகக் கவலையில் இருந்த பெண்களுக்கும் அமைதியாக இருந்தவர்களுக்கும் கருத்தரிப்பதில் வேறுபாடு காணவில்லை. ஆகவே மனத்தைத் தேற்றினால் வெற்றி விகிதம் கூடும் என்று எந்த கிளினிக்காவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் இதே ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் கையில் எத்தனை பெரிய மருந்தாகிறது என்று யோசித்துப் பாருங்கள். சுற்று தோற்றுப்போன மறுநாள் நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? "நீ ரொம்ப யோசிச்சே, அதான் தங்கல." "மாடிப்படி ஏறினே." "வேலைக்குப் போகாம இருந்திருந்தா நின்னிருக்கும்." ஏற்கெனவே ஒடிந்துபோயிருக்கும் பெண்ணின் தலையில் தோல்வியின் பொறுப்பையும் ஏற்றிவிடுகிறோம். உன் கவலையால் இது தோற்கவில்லை, உன் மேல் தப்பில்லை என்று சான்றோடு சொல்லக்கூடியவர், மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து அவருக்குப் புரியும் தமிழில் சொல்லக்கூடியவர், அந்த வீட்டுக்குச் செய்யும் உதவியை எந்த ஊசியும் செய்யாது. வெற்றி விகிதத்தைக் கூட்டினால்தான் ஒரு வேலைக்கு மதிப்பு என்றால், வலி மாத்திரைக்கும் மயக்க மருந்துக்கும் மதிப்பே இருக்காது.

உண்மையைச் சொல்வதும் இந்த வேலையில் சேரும். பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வைக்கப்பட்ட கருக்களில் 32 விழுக்காடு குழந்தைப் பிறப்பில் முடிந்தன. 43 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, சொந்தக் கருமுட்டை என்றால், 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இளம் வயதிலும்கூட மூன்றில் இரண்டு முயற்சி கைகூடுவதில்லை. கிளினிக் சுவரில் குழந்தைப் படங்கள்தான் தொங்கும். இந்தக் கணக்கை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் யாராவது எளிய சொற்களில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் முதல் தோல்வி இடியாக விழாது.

ஆண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. ஆனாலும் முதலில் பரிசோதனைக்குப் போவது பெண்; ஹெச்.எஸ்.ஜி. என்ற வலி மிகுந்த கருக்குழாய் எக்ஸ்ரேயை முடித்த பிறகுதான் கணவனின் விந்துப் பரிசோதனை பற்றிய பேச்சே எழும் வீடுகள் உண்டு. இது மருத்துவ முறைப்படியே தவறு. எளிதான, மலிவான, வலியில்லாத பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். கணவர் மறுப்பது பெரும்பாலும் கெட்ட மனதால் இல்லை, வெட்கத்தால், அச்சத்தால். கூட்டம் நிறைந்த வரவேற்பறையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு டப்பாவைக் கையில் கொடுத்தால் யாருக்கும் கூசும். தனியறையில், முடிந்தால் ஓர் ஆண் ஊழியர் வழியாக, அண்ணன் தம்பியிடம் பேசுவதுபோல் விளக்கினால் பலர் இறங்கி வருவார்கள். முட்டை எடுக்கும் அதே நாளில் விந்து மாதிரியும் தர வேண்டும் என்பதையும், அன்றைக்குப் பதற்றத்தில் முடியாமல் போகலாம் என்பதால் முன்பே கொடுத்து உறையவைக்கும் வழி உண்டு என்பதையும் கணவரிடம் நேரே சொல்ல வேண்டும். மனைவியிடம் சொல்லியனுப்பக் கூடாது.

தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்பதற்கு எதிராகவும் வலுவான வாதம் இருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியும். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் கையெழுத்திடுவார்கள். அதோடு, ஈப்போ சிறிய ஊர். கவுண்டரில் இருக்கும் தமிழ்ப்பெண் யாருக்கோ நாத்தனாராக இருப்பாள், கல்லுமலைக் கோவிலில் எதிர்ப்படுவாள், விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று பயந்து வேண்டுமென்றே சீன மருத்துவரையும் மலாய்த் தாதியையும் தேடிப் போகும் தம்பதிகள் உண்டு. இந்தப் பயத்தை நான் முழுக்க ஏற்கிறேன். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்த வாழ்க்கையிலிருந்து வந்த சமூகத்துக்கு அந்தரங்கத்தின் அருமை தெரியும். ஆகவே தமிழ் ஊழியர் என்பது நோயாளியின் விருப்பமாக இருக்க வேண்டும், கட்டாயமாகக் கூடாது. வேறு மொழிக்காரர் வேண்டும் என்றால் அதற்கும் வழி வேண்டும். நோயாளியின் தகவலை வெளியே சொன்னால் வேலை போகும் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 முதலே நம்மிடம் இருக்கிறது. ஆனால் படிவம் வாசிக்கத் தெரிவதை வைத்து மொழிச் சிக்கல் தீர்ந்தது என்று முடிவுகட்ட முடியாது. மாதவிலக்கு, தாம்பத்தியம், கருச்சிதைவு பற்றியெல்லாம் அம்மாவிடம் பேசிய மொழியில்தான் பலருக்கும் வாய் திறக்கும். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறேன், ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், நீரிழிவு மாத்திரையை விட்டுவிட்டேன் என்று ஒரு பெண் மலாயில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய லேகியத்தையும் சொல்ல மாட்டாள். இவை மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை. விரதத்தைக் கேலி செய்யாமல், அது முடிந்த பிறகு சுற்றைத் தொடங்கலாம் என்று நாள் மாற்றித் தரத் தெரிந்தவரிடம்தான் அவள் சொல்வாள். பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவளுக்கு அந்த வேண்டுதலும் இந்தச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

தாதிகள் இருக்கிறார்களே, கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டனவே என்போருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஊசி நேரத்தை நினைவூட்டச் செயலி நல்லது. ஆனால் முட்டை எடுத்த மூன்றாம் நாள் வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்குகிறது என்றால் அது சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போ என்று விரட்ட ஒரு குரல் வேண்டும். ராத்திரி என்றால் காலைவரை காத்திராமல் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போகலாம், அங்கே இன்ன சிகிச்சையில் இருக்கிறேன் என்று சொல், இந்தக் காகிதத்தைக் காட்டு என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஷிப்டுக்கு ஒரு தாதி மாறும் இடத்தில் நோயாளி ஒவ்வொரு முறையும் தன் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். ஒரே ஆள் தொடர்ந்து கவனித்தால் அந்த வேதனை இல்லை, தவறும் குறையும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொரு எதிர்வாதம். தனியார் கிளினிக்கின் சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் யாருக்கு உண்மையாக இருப்பார்? இன்னொரு சுற்று போடுங்கள், இந்தக் கூடுதல் பரிசோதனையையும் எடுங்கள் என்று அன்பாகப் பேசி விற்கும் ஆளாக அவர் மாறிவிட மாட்டாரா? மாறலாம். நம்பிக்கை பெற்றவர் விற்றால் யாராலும் மறுக்க முடியாது என்பதால் இது மற்ற விற்பனையைவிட ஆபத்தானது. அதனால்தான் அவர் சம்பளம் எத்தனை சுற்று நடந்தது என்ற கணக்கோடு ஒட்டவே கூடாது என்கிறேன். போதும், நிறுத்தலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். தன் எல்லையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் ஆலோசகர் என்ற தகுதி 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கு உரியது. ஒருங்கிணைப்பாளர் அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. உறக்கம் போய், சாப்பாடு போய், வாழ்ந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கும் பெண்ணை அடையாளம் கண்டு அன்றே நிபுணரிடம் சேர்ப்பதுதான் அவர் வேலை. பிரிட்டனின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்கு முன் ஆலோசனை பெறும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2021-இல் வந்த சட்டமும் அதன் விதிகளும் கிளினிக்கில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்கின்றன. சுகாதார அமைச்சு தனியார் கிளினிக்குகளுக்கு உரிமம் தரும்போது, சுற்று எண்ணிக்கையோடு ஒட்டாத சம்பளத்தில் ஒரு பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரா என்று கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்தப் பயிற்சியைத் தரலாம். சிகிச்சைக்கு வெளியூர் போகும் பேராக் தம்பதிகளுக்கு ஈப்போவிலேயே ஒரு தொடர்பாளர் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

கரு வைத்த நாளிலிருந்து இரத்தப் பரிசோதனைவரை ஏறக்குறைய இரண்டு வாரம். இந்தச் சிகிச்சையின் மிக நீண்ட பகுதி அதுதான் என்று அதைக் கடந்தவர்கள் சொல்வார்கள். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அந்த அழைப்பு எந்த நேரத்தில் வரும், மனைவிக்கா கணவருக்கா, வேலையிடத்தில் இருக்கும்போது சொல்லலாமா என்பதை முன்பே கேட்டு எழுதி வைத்திருக்கும் கிளினிக்குக்கும், எதிர்மறை என்று வாட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் கிளினிக்குக்கும் மருந்தில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். மனிதத்தன்மையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கிட்டவில்லை என்ற செய்தியைச் சொன்ன பிறகும் இரண்டாம் வாரம் ஒருமுறை அழைத்து விசாரிப்பது இந்த வேலையில் யாரும் பில் போடாத பகுதி. சிகிச்சையை நிறுத்த முடிவெடுத்தவர்களுக்குத் தத்தெடுக்கும் வழியையோ, இருவராகவே வாழும் வழியையோ தோல்வியாகக் காட்டாமல் பேசுவதும் அதில் சேரும்.

இதை வாசிக்கும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள். இரவு பத்தரைக்கு ஊசியில் சிக்கல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவர் யார்? முடிவை எங்களுக்கு யார் சொல்வார், எந்த மொழியில் சொல்வார்? எங்கள் வயதுக்கு வாய்ப்பு எவ்வளவு? கணவருக்குத் தனியாக விளக்குவீர்களா? வீட்டுப் பெரியவரை ஒருநாள் அழைத்து வந்தால் அவருக்கும் தமிழில் சொல்ல ஆள் உண்டா? எங்கள் விவரம் இந்த அறையைத் தாண்டாது என்பதற்கு என்ன ஏற்பாடு? கேட்பது உங்கள் உரிமை. கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். கவுண்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தால் இன்னொரு கிளினிக்கையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.